தணிக்கைக்கு எதிராக ஒரு போஸ்டர்: தகவல் திரட்டுவதில் தொடங்கிச் சுவரில் ஒட்டுவது வரை

ஒரு படத்தையோ பாட்டையோ கூட்டத்தையோ நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பிள்ளைகள் முதலில் போனைத்தான் திறக்கிறார்கள். கான்வா செயலியில் ஒரு கத்தரிக்கோல், பிளாஸ்திரி ஒட்டிய வாய், சிவப்பில் ‘கருத்துச் சுதந்திரம்!’ என்று ஒரு வரி. அரை மணி நேரத்தில் போஸ்டர் தயார். தங்கச்சிமடத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் அதைப் பார்த்தால், ஏதோ கட்சிக்காரர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எதை நிறுத்தினார்கள் என்பது அந்தப் போஸ்டரில் எங்கேயும் இல்லை.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் போஸ்டர் வேலை பழக வருகிறவர்கள் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரைவது இதில் ஐந்தாவது படியில்தான் வரும். பொறுமை வேண்டும்.

புரிவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஊர் இளைஞர்கள் 12 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தார்கள். ஊர் மண்டபத்தில் திரையிட இருந்த மாலையில் அது நிறுத்தப்பட்டது. இனி எல்லாப் படிகளுக்கும் இதுதான் உதாரணம்.

முன்கூட்டியே வேண்டியவை

ஒரு லேப்டாப், அதில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். இலவசம்தான். போனில் வரைந்தால் அச்சுக்குப் போகும்போது அளவும் எழுத்தும் கைவிட்டுப் போகின்றன. இலவச உரிமம் உள்ள தமிழ் எழுத்துருக்கள் இரண்டு: தடித்த தலைப்புக்கு பாலூ தம்பி அல்லது அனெக் தமிழ், சிறிய எழுத்துக்கு முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். பழக்கமான டிடிபி கடை ஒன்று. விஷயமே தெரியாத, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர். அவரிடம்தான் சோதனை போடப் போகிறோம்.

அச்சுக்குக் கொஞ்சம் பணமும் வேண்டும். ‘வாட்ஸ்அப் போதாதா அண்ணே’ என்று கேட்பார்கள். 2018 மே மாதத்தில் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். போனில் மட்டும் இருக்கிற போஸ்டர் அப்படிப்பட்ட நாளில் யாருக்கும் போய்ச் சேராது.

1. நிறுத்தியது யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ‘தடை’ என்று ஒரே சொல்லில் கட்டிவிடுவதுதான் முதல் தவறு. நிறுத்தும் கை எது என்பதைப் பொறுத்துப் போஸ்டரில் யாரைக் கேள்வி கேட்கிறோம் என்பது மாறும்.

இணையதளமோ காணொளியோ ‘இந்தியாவில் கிடைக்காது’ என்று வந்தால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு போட்ட முடக்கமாக இருக்கலாம். 2009இல் வந்த விதிகளின்படி அந்த நடவடிக்கையே ரகசியம். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவைத்தால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு கார்ட்டூனுக்காக முழுத் தளமும் மூடியிருந்த காலத்தில் போஸ்டர் போட்டிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ‘ஒரு பக்கத்துக்காக ஏன் மொத்தமும்?’ என்பதுதான்.

தளத்தை நடத்தும் நிறுவனமே புகாரின் பேரில் பதிவை நீக்கியிருக்கலாம். படத்தில் வெட்டு என்றால் தணிக்கை வாரியம். கூட்டத்துக்கு அனுமதி மறுப்பு என்றால் காவல் துறை. நம் எடுத்துக்காட்டில் வரும் ஊர்ப் பொது மண்டபம் மாதிரி இடங்களில் பெரும்பாலும் எழுத்தில் எதுவுமே இருக்காது. மண்டபக்காரருக்கு ஒரு போன் வரும், அவர் சாவியைத் தர மாட்டார். இந்தக் கடைசி வகைதான் அதிகம், போஸ்டர் போட இதுதான் கடினமும். மண்டபக்காரரும் நம்ம ஊர்க்காரர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர். அவரைச் சுவரில் ஏற்றாதீர்கள். போன் யாருடையது என்பதுதான் கேள்வி.

நம் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுமக்களுக்குத் திரையிடச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் திரையிட முயன்றிருந்தால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதைத்தான் சொல்லும். போஸ்டர் ஒட்டிய பிறகு இது தெரிய வந்தால் மொத்த உழைப்பும் வீண்.

2. தாள் கேளுங்கள்

நிறுத்தியதற்கு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னார்கள் என்றால், யார், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்று அன்றிரவே எழுதி, கேட்ட இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வாரம் கழிந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள்.

அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. இணைய நிறுத்தம் என்றால், உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிக் கேளுங்கள்.

பதில் வந்தால் போஸ்டருக்கு உண்மை கிடைத்தது. வராவிட்டால் ‘மனு கொடுத்த தேதி இது, பதில் இல்லை’ என்பதே உண்மை. எந்த வசைச்சொல்லையும்விட அந்த வரிக்குப் பலம் அதிகம். அதனால்தான் இந்தப் படியை வரைவதற்கு முன்னால் வைத்தேன்.

மனு எழுதத் தெரியாதவர்கள் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100.

3. படிக்கிறவர் எங்கே நிற்கிறார்?

போஸ்டரின் அளவையும் சொற்களின் எண்ணிக்கையையும் இடம்தான் முடிவு செய்யும். வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் ஏ4இல் ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு எங்கே ஒட்டலாம் என்று தேடுகிறார்கள்.

சுமாராக ஒரு கணக்கு. வசதியாகப் படிக்க, 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் 30 அடியில் நிற்பவருக்கு 3 அங்குலம். ஏ3 தாளைப் படுக்கையாக வைத்தால் அகலம் பதினாறரை அங்குலம். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் ஒரு வரியில் நாலைந்து எழுத்துதான் பிடிக்கும். அதாவது தலைப்புக்கு ஒரு சொல், மிஞ்சிப் போனால் இரண்டு.

ஏலக்கூடத்தில் ஒட்டாதீர்கள். விடியற்காலையில் படகு வந்து மீன் கொட்டும் அவசரத்தில் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. வலை கட்டும் கொட்டகை வேறு. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், எட்டடியில் ஒட்டிய போஸ்டரைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், படித்ததைப் பற்றிப் பேசவும் செய்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறியிருக்கும். மராமத்து வேலைக்கு ஆட்கள் படகடியிலேயே இருப்பார்கள். நிறைய எழுத்து உள்ள போஸ்டருக்கு வருடத்தில் அதுதான் காலம். ஆட்டோவின் பின்கண்ணாடிக்கு ஒரே சொல் போதும், ஆனால் ஆட்டோக்காரரின் சம்மதம் வேண்டும்.

4. வாசகம்

வரையும் முன் வெறும் தாளில் கையால் எழுதுங்கள். பெரிதாக ஒரு சொல். அதற்குக் கீழே நான்கு உண்மைகள்: எது நின்றது, எந்தத் தேதி, யார் நிறுத்தினார்கள் (அல்லது யார் என்று சொல்ல மறுக்கிறார்கள்), நாம் என்ன கேட்கிறோம். இவ்வளவுதான். கருத்துச் சுதந்திரம் தரும் அரசியல் சாசனப் பிரிவு 19(1)(அ) என்று எழுதியே ஆக வேண்டும் என்று ஒருவர் அடம் பிடிப்பார். கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். 19(2)இல் அந்த உரிமைக்குக் கட்டுப்பாடுகளும் உள்ளன என்பதை அவரே படித்துவிட்டு வரட்டும்.

ஆளைப் பெயர் சொல்லித் திட்டும் வரி வந்தால் அடியுங்கள். அவதூறு இன்னும் குற்ற வழக்குதான், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு. வழக்கு வந்தபின் ஊர்ப் பேச்சு படத்தை விட்டுவிட்டு வழக்கைச் சுற்றி ஓடும். பதவியைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள், கேள்வியோடு நிறுத்துங்கள்.

எழுதியதை அந்த நாற்பது வயதுக்காரரிடம் காட்டி, ‘என்னண்ணே புரியுது?’ என்று மட்டும் கேளுங்கள். விளக்கக் கூடாது. அவர் ‘ஏதோ படத்தைப் போடவிடலயாம், ஏன்னு கேக்குறாங்க’ என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ‘எந்தக் கட்சி தம்பி இது?’ என்றால் மறுபடி எழுதுங்கள்.

5. வடிவம்: சுவரில் ஏற்கெனவே இருப்பதைக் கடன் வாங்குங்கள்

இதுதான் முக்கியமான படி. கத்தரிக்கோலும் பூட்டும் கட்டிய வாயும் யாரையும் நிறுத்தாது. பார்த்துப் பார்த்துப் பழகிய படங்கள் அவை. நம் சுவர்களில் ஜனங்கள் நின்று படிக்கும் தாள்கள் சில உண்டு. அவற்றின் அமைப்பை எடுத்து, உள்ளே நம் செய்தியை வையுங்கள்.

‘காணவில்லை’ அறிவிப்பு என் முதல் தேர்வு. படம் இருக்க வேண்டிய சதுரத்தை வெறுமையாக விடுங்கள். கீழே: ‘பெயர்: பாசி எடுக்கும் பெண்கள் பற்றிய ஆவணப்படம். நீளம்: 12 நிமிடம். கடைசியாகக் காணப்பட்ட இடம்: ஊர் மண்டப வாசல், மாலை 5 மணி. இதைப் பற்றித் தகவல் கேட்டு மனு கொடுத்த தேதி...’ படிக்கிறவர் ஒரு பிள்ளையைத் தேடித்தான் கிட்டே வருவார். இரண்டாவது வரியில் விஷயம் பிடிபடும். அதற்குள் பாதி படித்திருப்பார். ஆனால் நிஜமாகவே ஊரில் யாராவது காணாமல் போயிருக்கும் வாரத்தில் இதைத் தொடக் கூடாது.

அரசுப் படிவ வடிவம் 69ஏ மாதிரியான ரகசிய உத்தரவுகளுக்குப் பொருந்தும். ‘உத்தரவு எண்: ________, காரணம்: ________, கையொப்பம்: ________’. நிரப்பாத கோடுகளே பேசிவிடும். வரைய எதுவுமில்லை, செலவும் குறைவு.

‘கண்ணீர் அஞ்சலி’ வடிவம் கண்ணை இழுக்கும், ஆனால் கத்தி மாதிரி. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் படத்தை அதில் வைத்தால் மிரட்டல் ஆகிவிடும். படத்துக்கோ பத்திரிகைக்கோ போடலாம், ஆளுக்குப் போடாதீர்கள்.

புயல் எச்சரிக்கைக் கூண்டை வைத்து யாராவது யோசனை சொல்வார்கள். பாம்பனில் கூண்டு ஏற்றினால் படகு கடலுக்குப் போகாது. உயிரை நம்பி ஜனங்கள் பார்க்கும் அடையாளம் அது. அதை வைத்து எந்த விளையாட்டும் வேண்டாம்.

வெறும் வெள்ளைத்தாளை ஒட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நெருக்கடி நிலைத் தணிக்கையை எதிர்த்து 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. அங்கே தலையங்கம் இருக்க வேண்டும் என்று வாசகருக்குத் தெரியும், அதனால் அந்த வெற்றிடம் பேசியது. ராமேசுவரம் சாலைச் சுவரில் வெற்றுத்தாள் ஒட்டினால், ‘இடம் இருக்கு’ என்று அதன்மேல் பூப்புனித நீராட்டு விழா போஸ்டர் ஏறிவிடும். வெற்றிடத்தைச் சுற்றி ஒரு சட்டகம் வேண்டும். சதுரமும் ‘காணவில்லை’ என்ற தலைப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

6. எழுத்து

மென்பொருளில் பொய்யாகத் தடிக்க வைக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்துருவிலேயே உள்ள தடித்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்துக்கு இடையே இடைவெளியை இழுத்தால் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும், ‘பொ’ மூன்று துண்டாகும். வரிகளுக்கு இடையே மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். மேலே விசிறியும் கீழே வாலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்.

மெய்யெழுத்துகளின் புள்ளிகளை எடுத்துவிட்டு வாசகத்தை அமைக்கும் ஓர் உத்தி உண்டு. ‘பெண்கள்’ என்பது ‘பெணகள’ ஆகும். படிக்க முடிகிறது, ஆனால் எதையோ பிடுங்கிவிட்டார்கள் என்று உறுத்துகிறது. தலைப்புக்கு மட்டும் செய்யுங்கள். ஒரே சிக்கல், டிடிபி கடைத் தம்பி அக்கறையாகப் புள்ளியெல்லாம் வைத்துக் கொடுத்துவிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. நிறம்

கறுப்புப் பட்டையும் சிவப்புத் தலைப்பும்தான் எல்லோர் கையிலும் முதலில் வரும். தமிழ்நாட்டில் கறுப்பு சிவப்பு என்றால் படிப்பதற்கு முன்பே கட்சி முடிவாகிவிடும். காவி, பச்சை, நீலம் எதுவும் தப்பாது. வெள்ளைத்தாளில் கறுப்பு மட்டும் போதும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், கறுப்பு கடைசி வரை நிற்கும் என்பது இன்னொரு காரணம். மலிவு என்று மஞ்சள் தாளை எடுத்தால் மஞ்சக் கடுதாசி என்று கிண்டல் வரும். அதுவும் ஒரு கவனம்தான் என்றால் உங்கள் இஷ்டம்.

பெரிய கறுப்புப் பட்டைகளைத் தவிருங்கள். ஜெராக்ஸில் நடுவே சாம்பல் பூத்து வரும். தணிக்கையைக் காட்ட வெள்ளை ஓட்டையே சுத்தமாக அச்சாகும்.

8. மறைக்க வேண்டியவர்களை ஒழுங்காக மறையுங்கள்

படத்தில் பேசிய அக்காக்களின் முகத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். நாளைக்கும் அவர்கள் கடலுக்குப் போக வேண்டும், அதிகாரிகளைப் பார்க்க வேண்டும். பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிய விரல்கள் போதும். இந்தக் கரையில் அது யாருடைய கை என்று எல்லோருக்கும் தெரியும், எந்த ஆளுடையது என்று தெரியாது. அந்தக் கையின் படத்துக்கும் சம்மதம் கேளுங்கள்.

ஆவணத்தில் பெயரை மறைக்கும்போது நடக்கும் தவறுகள் மூன்று. போனில் மார்க்கர் பேனாவால் அடிப்பார்கள். அது முழுக்கக் கறுப்பல்ல, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் போடுவார்கள். அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி எடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். மங்கலாக்குவார்கள், மங்கலிலிருந்து ஊகித்துவிட முடியும். முழுக் கறுப்பால் அடித்து, தட்டையான பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து அதை மட்டும் அனுப்புங்கள்.

புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கூடவே போகும். பிடிஎஃபில் லேப்டாப் சொந்தக்காரரின் பெயர் பதிந்திருக்கலாம். அனுப்புமுன் கோப்பின் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

9. டிடிபி கடையிலும் அச்சகத்திலும்

யூனிகோடில் அடித்த தமிழைப் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் திறந்தால் கொம்பு இடம் மாறும். கடைக்காரர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்பார், புதுப் பிழைகள் சேரும். அதனால் இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் எடுக்கும்போதே எழுத்துகளைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றும் தேர்வை இயக்குங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதையாக மாறியதைத் திருத்த முடியாது.

சில நூறு பிரதிக்குள் என்றால் ஜெராக்ஸ், அதற்கு மேல் ஆஃப்செட். வீட்டு இன்க்ஜெட்டில் அச்சடிக்காதீர்கள், ஒரு தூறலில் மை ஓடிவிடும். ஜெராக்ஸ் டோனர் ஓடாது. மொத்தமாக அடிக்குமுன் ஒன்றை எடுத்து, ஒட்டப்போகும் இடத்திலேயே பிடித்துப் பாருங்கள்.

அச்சகம் பெயரும் ‘இப்படிக்கு’ வரியும் கேட்கும். தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் சட்டப்படியே வேண்டும். மற்ற நேரத்திலும் குழுவின் பெயரைப் போடுங்கள். பெயரில்லாத தாளை ஊர் நம்பாது. பள்ளிப் பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.

10. ஒட்டுவது

சுவர்க்காரரிடம் கேட்டுத்தான் ஒட்ட வேண்டும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. போஸ்டரின் செய்தியைத் தொடாமலே, ஒட்டிய இடத்தைக் காட்டி வழக்குப் போட்டுவிடலாம். கோவில், தர்கா, தேவாலயச் சுவர், பாலத் தூண், அரசுக் கட்டடம் எதுவும் வேண்டாம். டீக்கடை, சலூன், வலைக் கொட்டகை, நண்பர் வீட்டுச் சுவர் போதும்.

கடலோரச் சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் பசை பிடிக்காது, மறுநாளே தாள் உரிந்து தொங்கும். முதலில் துடைப்பத்தால் தேயுங்கள். மைதாப் பசையைச் சுவரில் தடவி, தாளை ஒட்டி, தாளின் மேலும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது புத்தகம் கட்டுகிறவர்களின் பழக்கம். இங்கே கலக்காதீர்கள். தெருவில் மேயும் ஆடு போஸ்டரைத் தின்னும், துத்தம் விஷம். கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் காற்றுக்கு மறைவான சுவராகப் பாருங்கள். வாடைக் காலத்து மழையில் தாழ்வாரத்துக்கு உள்ளே மட்டும்.

11. ஒட்டிய பிறகு

ஒவ்வொரு இடத்தையும் தேதியோடு படம் எடுத்து, கோப்புகளை இரண்டு வீட்டில் பென்டிரைவில் வையுங்கள். யாராவது கிழித்தால் சண்டைக்குப் போகாமல் கிழிந்ததையும் படம் எடுங்கள். போலீஸ் வந்து கேட்டால் பேசுவதற்கு ஒருவரை முன்பே முடிவு செய்து, மனுவின் நகலை அவர் கையில் கொடுத்து வையுங்கள்.

முதல் அச்சின்போதே ‘கிடைத்துவிட்டது’ என்று ஒரு பட்டையும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பின் அகலத்துக்குச் சரியாக. திரையிட வழி கிடைத்த அன்றே ‘காணவில்லை’ மேல் அதைக் குறுக்காக ஒட்டி, கீழே இடமும் நேரமும் பேனாவால் எழுதிவிடலாம். புதுப் போஸ்டர் அடிக்க வேண்டாம்.